பட்டியலில் ஏறாத பதினொரு வாத்துகள்

அக்கா,

நேற்று எங்கள் பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு கம்பெனியைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனார்கள். ஒரகடம் சாலையில். உன் கம்பெனி இல்லை, வேறு. கேட்டில் எல்லோருடைய போனையும் வாங்கி, கேமராக் கண்ணின்மேல் ஆளுக்கொரு சிவப்பு வட்டத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது செக்யூரிட்டி அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். "இன்னாடி, ஸ்டிக்கர் போனுக்கா உன் வாய்க்கா?" என்று பின்னால் நின்றவள் கேட்டாள். வழக்கமாக இப்படிக் கேட்பவர்களுக்குத் தர என்னிடம் நாலு பதில் தயாராக இருக்கும். நேற்று போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

நீ போய் ஆறு மாதம் ஆகிறது. சித்திரையில் கோவில் கொடை விழாவுக்கென்று நாங்குநேரிப் பக்கம் உன் ஊருக்குப் போனவள், மஞ்சள் காமாலையில் படுத்து, திரும்பி வரவேயில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில் உன்னோடு வாடகைக்குத் தங்கியிருந்த பெண்கள் இருவரும் கீழே வந்து நீ இறந்த செய்தியை அம்மாவிடம் சொன்னபோது, நான் வாசலில் அவர்களுடைய செருப்புகளை ஜோடி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொல்லி முடித்ததும் எல்லாவற்றையும் மறுபடி சரியாக ஜோடி சேர்த்து வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உன் வாரவிடுமுறைகளில் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் நாம் இருவரும் நின்று போட்ட சண்டைகளை எண்ணிப் பார்க்கிறேன். உள்ளான் பறவைகளில் எது பச்சைக்காலி, எது பொரி உள்ளான் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஒருநாள் நான் சொன்னேன்: "அக்கா, கொக்கு ஜெனரல் ஷிப்ட். ஆந்தை நைட் ஷிப்ட். இந்த வெளிநாட்டு வாத்துங்க கான்ட்ராக்ட், ஆறு மாசத்துக்கு மேல வெச்சுக்க மாட்டாங்க." நீ சிரித்துவிட்டு, "அதுகளுக்காவது திரும்பிப் போவ நாள் தெரியும்ட்டி" என்றாய்.

உன் நாள் எது என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. வேலை போகிற நாள். உன் அப்பா உன்னை வடக்கே இங்கு வேலைக்கு அனுப்பியதே அரை மனதோடு. வேலை இல்லையென்று ஆனால் மறுவாரமே மாமா மகனோடு கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார். மாமா மகனைப் பற்றி நீ சொன்னது ஒரே வரி: "அவன் நாய அடிக்கிறதப் பாத்திருக்கேன்." அதனால் நீ ஷிப்டுக்கு ஒரு நிமிடம் தாமதித்ததில்லை. கம்பெனி சொன்ன எதையும் மீறியதில்லை. உங்கள் கம்பெனியில் மாதம் பிறந்ததும் போன் கேமராவில் சிவப்பு வட்டம் ஒட்டி, நடுவே நீல மையில் ஒரு கிறுக்கல் போடுவார்கள். அடுத்த மாதம் அவர்களே உரிக்கும்வரை அது வீட்டிலும் ரோட்டிலும் அப்படியே இருக்க வேண்டும். கிழிந்திருந்தால் எச்சரிக்கை எல்லாம் கிடையாது. அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தத் தெர்மாகோல் வேலையைச் செய்தேன்.

சுங்குவார்சத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் நடத்துகிற ஏரிப் பறவை வாட்ஸ்அப் குழுவில் நாம் இருவருமே இருந்தோம். வாரா வாரம் யார் எதைப் பார்த்தார்கள் என்று பட்டியல் வரும். சென்ற வருடம் புரட்டாசியில், கம்பெனி பேக்கிங்கில் மிஞ்சிய தெர்மாகோலை வெட்டி, ரோஸ் பெயிண்ட் அடித்து, இரண்டு வெல்டிங் கம்பிகளைக் காலாக நட்டு, ஏரியின் நடுத்திட்டில் ஒரு பூநாரையை நிறுத்தினேன். படமெடுத்துக் குழுவில் போட்டேன். மறுநாள் விடியலில் ஐந்து பேர் பைனாகுலரோடு வந்து, முக்கால் மணி நேரம் மூச்சுக்கூட விடாமல் பார்த்தார்கள். ஒருவர் அது தலையைத் திருப்பியது என்றே எழுதினார். பிறகு ஒரு காக்கை அதன் முதுகில் உட்கார்ந்து கொத்த, வெள்ளை மணிகள் காற்றில் பறந்தன. நான் கரையில் விழுந்து விழுந்து சிரித்தேன். மருந்துக்கடை அண்ணன் சிரிக்கவில்லை. "இனிமே நீ போடற எதையும் பட்டியல்ல ஏத்த மாட்டேன். படத்தோட போட்டாலும்" என்றார். அன்று எனக்கு அதுவும் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து, ஐப்பசி கடைசியில், நீ கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து அவற்றைப் பார்த்தாய். வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். "வரித்தலை வாத்து. எங்க ஊர்க் குளத்துக்கு வரும்" என்று குழுவில் எழுதினாய். யாரோ, "அது வீட்டு வாத்துங்க" என்றார்கள். இன்னொருவர், "அந்தப் பொண்ணு வூட்டு மாடியிலதான இருக்கீங்க? இது அசலா, தெர்மாகோலா?" என்று கேட்டு, சிரிக்கும் முகங்கள் ஆறைப் போட்டார். அண்ணன் மட்டும் மரியாதையாக எழுதினார்: படம் இருந்தால் சேர்க்கலாம்.

அன்று மாலை நீ மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாய். நான் வாயைத் திறப்பதற்குள், "இதுவரைக்கும் யாரும் என்னைப் பொய் சொல்லுதவன்னு சொன்னதில்லட்டி" என்றாய். திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

இரண்டு நாள் கழித்து, ஆறு மணிக்கெல்லாம் என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனாய். ஆறு முப்பத்தைந்துக்கு உன் பஸ். கரையேறிய உடனேயே தெரிந்தது. வடிந்த சேற்றில், வரிசையாக, பதினொன்று. அருகில், மிக அருகில். ஒன்று கழுத்தைத் தூக்கியபோது அந்த இரண்டு கோடுகளும் மையால் போட்டது போல் தெரிந்தன.

"பாக்கியா? நிக்குல்லா?" என்று கிசுகிசுத்தாய். "எங்க ஊருக்குத்தாம்ட்டி போவுது. மார்கழிக்குள்ள போயிரும்."

நான் என் போனை எடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"ஒன் போன்ல எடுத்தா நம்ப மாட்டாவ."

"அக்கா, உன் போன்ல ஸ்டிக்கர் கீது."

சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. பதினொரு கழுத்துகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. இன்னும் ஒரு நொடியில் எழும்பிவிடும் என்று எனக்கே தெரிந்தது. உன் நகம் அந்தச் சிவப்பு வட்டத்தின் அடியில் போனது. சர்ரென்று ஒரு சின்னச் சத்தம். மூன்று படம் எடுத்தாய். இரண்டு ஆடிவிட்டன, ஒன்று தெளிவு. அதற்குள் அவை எழும்பி, தொழிற்சாலைக் கூரைகளுக்கு மேலே தெற்கே போய்விட்டன.

பிறகுதான் நீ உன் விரலைப் பார்த்தாய். கிழிந்த ஸ்டிக்கர் அதில் சுருண்டு ஒட்டியிருந்தது. "ஏட்டி, நான் என்ன செஞ்சேன்?" என்றாய். ஆறு பதினெட்டு.

வீட்டுக்கு ஓடினோம். நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் கொசுறாக வாங்கி வைத்திருந்த சிவப்புச் சுருள் என்னிடம் இருந்தது, வகுப்பில் விளையாட. ஒரு பட்டனை அச்சாக வைத்து வட்டம் வெட்டினேன். முதல் வட்டம் கோணல். இரண்டாவது பெரியது. மூன்றாவது பொருந்தியது. கிழிந்ததைப் பார்த்து நீல மையில் அந்தக் கிறுக்கலைப் போட்டேன். ரேங்க் கார்டில் அம்மாவின் கையெழுத்தையே போட்டுப் பழகிய கை. நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய். தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. நீ போனை வாங்கிக்கொண்டு ஓடினாய்.

பஸ் இன்னும் மூன்று நிறுத்தம் சுற்றிப் போகும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுக்குவழியில் மிதித்து, உன் கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை ஓரம் நின்றேன். நீ இறங்கி வரிசையில் நின்றாய். உனக்கு முன்னால் ஏழு பேர். செக்யூரிட்டி அக்கா ஒவ்வொரு போனையும் வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி, திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறு. ஐந்து. ஒரு பெண்ணை ஓரமாக நிற்கச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் பையைத் திறந்து காட்டச் சொன்னார், அவ்வளவுதான். மூன்று. இரண்டு.

உன் போனை வாங்கினார். அழுத்தினார். கொடுக்கவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா கண்ணு இது, புச்சு கணக்கா பளபளன்னு கீது?" என்று அவர் கேட்டது டீக்கடைவரை எட்டியது.

"தண்ணி பட்டுட்டுக்கா. நல்லாத் தொடச்சேன்."

அதை நீ சொன்னபோது உன் குரலும் சாலையைத் தாண்டி எனக்குக் கேட்டது. நீ அப்படி உரக்கப் பேசி நான் கேட்டதேயில்லை. அவர் இன்னொரு முறை அழுத்தினார். பின்னால் யாரோ, "பஞ்ச் டைம் ஆவுதுக்கா!" என்று கத்தினார்கள். "சரி, போ போ" என்றார். நீ உள்ளே போனாய். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் அங்கேயே சைக்கிளோடு குதித்தேன், அக்கா. என் வாழ்நாளிலேயே பெரிய ஏமாற்று வேலை, அதுவும் நல்லதுக்கு. மாலையில் நீ வந்ததும் பெருமையடித்துக்கொள்ளக் காத்திருந்தேன்.

நீ வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாய். "காப்பாத்திட்ட" என்றாய். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "இன்னைக்கு நெசமாவே பொய் சொல்லிட்டேன்லா" என்றாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தப் படத்தை இனி நீ எங்கும் காட்ட முடியாது. உன் பெயரில் போட்டால், சீல் வைத்த போனில் எடுத்தாய் என்று ஊருக்கே தெரியும். குழுவில் உன் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். வேலை வேண்டுமானால் வாத்து இல்லை. வாத்து வேண்டுமானால் வேலை இல்லை. படத்தை என் போனுக்கு அனுப்பிவிட்டு உன்னுடையதிலிருந்து அழித்தாய். அடுத்த நாள் நான் அதை என் பெயரில் போட்டேன். "இந்தத் தடவ பெயிண்ட் சூப்பர்" என்று ஒருவர் எழுதினார். சற்று நேரத்தில், நீ குழுவிலிருந்து வெளியேறினாய் என்று ஒரு சாம்பல் வரி திரையில் வந்தது.

அதற்குப் பிறகும் என்னோடு ஏரிக்கு வந்தாய். என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் எதையாவது பார்த்தால் பெயர் சொல்வதை நிறுத்திவிட்டாய். "அந்தா நிக்கு" என்பதோடு சரி.

நீ போன பிறகு, ஆனியில், மருந்துக்கடைக்குப் போனேன். அண்ணன் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரைக் கிழித்தது, நான் போலி ஒட்டியது, எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு இனி வேலை போகாது அல்லவா. படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதுவும் உன் கைவேலை இல்லன்னு நான் எப்பிடிம்மா நம்பறது?"

"அவங்க சொன்னப்பவும் நீங்க நம்பலியே."

"உன்னாலதான் நம்பல."

"தெரியும்ணா. அதுக்குத்தான் வந்துகீறேன்."

கத்தரிக்கோலை வைத்தார். "ஒரு சீசன் முழுக்க ஏரில பாத்தத எழுது. வாரத்துல நாலு நாள் காலைல. நான் சொல்லாம கொள்ளாம வந்து பாப்பேன். ஒரு உள்ளான்கூட கூட்டிச் சொல்லக் கூடாது. மாசி வரைக்கும் ஒழுங்கா இருந்தீன்னா, அந்தப் பொண்ணு பேர்லயே பதினொண்ணையும் ஏத்தறேன். நடுவுல ஒரு பொய் வந்துச்சு, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

ஆவணி முடிவிலிருந்து எழுதுகிறேன், அக்கா. முதலில் தகைவிலான்கள் வந்து கம்பியில் அடைந்தன. பிறகு மஞ்சள் வாலாட்டி. போன வாரம் ஊசிவால் வாத்து, ஆறு. அண்ணன் இதுவரை நான்கு முறை திடீரென்று வந்துவிட்டார். ஒருமுறை நான் முப்பத்தொன்று என்று எழுதிய கிளுவை வாத்துகளை அவர் முப்பது என்று எண்ணினார். இருவரும் மூன்று தடவை மறுபடி எண்ணினோம். முப்பத்தொன்றாவது நாணலுக்குள்ளிருந்து வெளியே வரும்வரை நான் நோட்டின் அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவில்லை. கலாய்ப்பதற்கு வகுப்பில் இன்னும் ஆள் இருக்கிறது, அதை விடவில்லை. ஏரிக்கரையில் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.

இன்று காலை பனியாக இருந்தது. அக்கரைச் சேற்றில், பெரிதாக, சாம்பல் நிறத்தில், எட்டு. போனில் பெரிதாக்கிப் பார்த்தால் எட்டும் வெறும் புள்ளிகள். தலை தெரியவில்லை. கோடு இருந்ததா? இருந்தது என்று மனம் சொன்னது. இருந்தது, இருந்தது என்று நச்சரித்தது. நாய் ஒன்று குரைக்க, அவை எழும்பிப் பனிக்குள் தெற்கே போயின. அதே நேரம் கரைமேல் ஸ்கூட்டர் சத்தம்.

"இன்னாம்மா, எதுனா வந்துச்சா?"

அவர் முகத்தைப் பார்த்தேன், அக்கா. முதல் முறையாக அந்த முகத்தில் சந்தேகமில்லை. நான் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளப் போகிற முகம். உன் வாத்துதான் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கே சேர்த்திருப்பார். இந்த வருடமும் வந்தால் போன வருடத்துக்கும் அது சாட்சி.

"பெருசா எட்டுண்ணா" என்றேன். "இன்னான்னு சரியா தெரியல."

தலையாட்டிவிட்டு, அவரும் பனியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நோட்டைப் பிரித்து எழுதினேன். பெரிய பறவைகள், எட்டு. தெற்கு நோக்கி. இனம் தெரியவில்லை.