வண்டி மேல் போட்ட பழி

மே 6, திங்கள்

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அரக்கோணம் கடையில் சேலைக் கட்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. காரை ஓட்டுகிற என் வீட்டுக்காரர் நடுரோட்டில் சாமி ஊர்வலம் மாதிரி போகிறார். தோளில் தட்டின பிறகுதான் ஒதுங்கினார். உயிர் போய் உயிர் வந்தது எனக்கு.

கேட்டால், "இந்த வண்டி போடற சத்தத்துல இன்னாத்த கேக்கறது, கல்பனா?" என்கிறார்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து பவர்லூம் சத்தத்தில் நிற்கிற மனுஷர். காது டாக்டரிடம் காட்டலாம் என்றால் மூக்குக்கு மேல் கோபம். "காது நல்லாத்தான் கீது. வண்டிதான் பழசு."

சரி, வண்டியை அமைதியாக்கிவிடுகிறேன். அப்புறம் எதன் மேல் பழி போடுவார், பார்க்கலாம்.

மே 10, வெள்ளி

சத்தம் பாதி ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. ஜன்னலை மூடினால் இட்லிப் பானை. ஏசி பேருக்கு ஊதுகிறது. ஆக, முதலில் சூடு.

சீட் கவர் கடை டில்லிபாபுவிடம் கேட்டேன். "கறுப்பு பிலிம் வோணாங்க்கா, போலீஸ் புடிப்பாங்க. கெளம்பறதுக்கு முன்னாடி நாலு கதவையும் தொறந்து வுடு, சூடு போவட்டும். அப்புறமா ஏசி போடு" என்றான். கூரைத் துணிக்கு உள்ளே வெள்ளித்தாள் ஒட்டின ஃபோம் வைத்துக் கொடுத்தான்.

முன்கண்ணாடிக்கு நானே வெள்ளைத் துணியை இரட்டையாகத் தைத்தேன். வண்டியைத் தறி ஷெட் வாசலிலிருந்து புங்கமரத்தடிக்கு மாற்றச் சொன்னேன். காக்கா எச்சம் போடும் என்று இவருக்கு வருத்தம். போடட்டும், கழுவிக்கொள்ளலாம்.

மே 14, செவ்வாய்

ஜன்னல் மூடி, ஏசியில் போனோம்! ஆனாலும் இரைச்சல். கதவைத் தட்டினால் காலி எண்ணெய் டின் மாதிரி 'டங்' என்கிறது. உள்ளே ஒட்டுகிற தார் ஷீட் இருக்கிறதாம். எதற்கு? நம் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கழிவு நூல் கிடக்கிறது. கதவு அட்டையைக் கழற்றி நாலு கதவிலும் திணித்துவிட்டேன். இப்போது தட்டினால் 'தொப்'. எனக்கா மூளை இல்லை?

ஜூன் 5, புதன்

மூளை இல்லை.

இரண்டு நாள் மழை. வண்டிக்குள் எலி செத்த நாற்றம். டில்லிபாபு கதவைக் கழற்றியதும் தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணாடி சந்துல எறங்கற மழைத்தண்ணி அடியில ஓட்டை வழியா வெளிய போவும்க்கா. நீ நூல அடைச்சி கொளம் கட்டி வெச்சிகீற!"

இவர் சாயந்திரம் வரை சிரித்தார். "தறியில பூட்டற மாதிரி கதவுலயும் பாவு பூட்டிட்டியா?" சிரிக்கட்டும். வேளை வரும்.

ஜூன் 12, புதன்

கதவுகளைக் காயவைத்து, நடுவில் மட்டும் தார் ஷீட் துண்டுகள் ஒட்டினான் டில்லிபாபு. கதவு ஓரத்துக்குப் புது ரப்பர் பீடிங். மிதியடிக்குக் கீழே தடிமனான ஃபெல்ட். டயரில் காற்று அதிகமாம், குறைத்தான். பின்னால் ஏதோ கடகடவென்று உதறிக்கொண்டே இருந்ததே, ஜாக்கி! பழைய சேலையில் சுற்றி வைத்தேன். அடங்கிவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

முன் சீட்டில் சேலைக் கட்டு, நான் பின்னால். சாதாரணக் குரலில், "வழியில கத்திரிக்கா வாங்கணும்" என்றேன்.

"ஆங், திரும்பி வரும்போது வாங்கிக்கலாம்" என்றார்!

அப்படியென்றால் வண்டிதானா? பாவம், மனுஷரைச் சந்தேகப்பட்டேனே. தணிகை முருகா, உனக்குக் கற்பூரம் ஏற்றுகிறேன்.

ஜூன் 28, வெள்ளி

எழுத வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

அரக்கோணத்திலிருந்து வரும்போது, பின் சீட்டில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "மலையில லைட் போட்டுட்டாங்க பாருங்க" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தரம் சொன்னேன். இல்லை. திரும்பினேன். மேல் கண்ணாடியில் அவர் கண் என் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

ஐயோ. கத்திரிக்காயைக் கேட்கவில்லை, பார்த்திருக்கிறார். தறி ஓடும்போது யாருக்கு யார் பேசுவது கேட்கும்? உதட்டைப் பார்த்துத்தானே நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வோம். இது எப்படி எனக்குத் தோன்றாமல் போனது?

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "நான் பேசறது கேக்குதா?" என்றேன்.

ஓரமாக நிறுத்தினார். இன்ஜினையும் அணைத்தார். "இப்ப சொல்லு."

முந்தானையை எடுக்காமல் மறுபடி கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இனிமே வண்டிய சொல்ல முடியாது, இல்ல?" என்றார் கடைசியில். "எந்த டாக்டருகிட்ட போவணும்?"

ஜூலை 3, புதன்

டாக்டரைப் பார்த்தாயிற்று. போன காது வராதாம். மெஷின் வைத்தால் கேட்குமாம். அரைமனதாகத் தலையாட்டினார்.

ஜூலை 19, வெள்ளி

காதில் மெஷினோடு முதல் அரக்கோணப் பயணம். ஊரைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "இன்னாடி இது, கதவாண்ட கிச்கிச்சுனு? டில்லிபாபு ஒழுங்காவே ஒட்டல. இவ்ளோ சத்தத்துல எப்படி உக்காந்துகினு வந்த?"

எனக்குச் சிரிப்பு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வாய்க்குள்ளேயே, "பழகிப்போச்சு" என்றேன்.

"இன்னா பழகிப்போச்சு?" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே.