விவாதத்தில் போன காது

ஆண்டிமடத்துச் சாலை நெடுக முந்திரி பூத்திருக்கிறது. வகுப்பு ஜன்னலைத் திறந்தால் அந்த வாசனைதான் முதலில் உள்ளே வருகிறது. ஊருக்கெல்லாம் அது பூ வாசனை. எனக்கு ரத்த வாடை. எல்லாம் உன்னால்தான்டி.

அரியலூர் தனி மாவட்டமாகாத காலம் அது. நீயும் நானும் ஏழாம் வகுப்பின் இரண்டு பிரிவு டீச்சர்கள். வெள்ளிக்கிழமை மதியம் இரு பிரிவையும் ஒன்றாக உட்காரவைத்து விவாதம் நடத்துவாய். உன் சட்டம் ஒன்றே ஒன்று: "எதிராளி சொன்னத மொதல்ல உன் வாயால சொல்லு. அவன் ஆமான்னு ஒத்துக்கட்டும். அப்புறம் பதில் சொல்லு." உன் பெயரென்ன என்று கேட்டாலே தலைகுனிந்த பிள்ளைகள் அந்தச் சட்டத்தால் யோசித்துப் பேசப் பழகினார்கள்.

இதேபோல் முந்திரி பூத்திருந்த ஒரு வாரம் தோப்புக்காரர்களுக்கும் ஆட்டுக்காரர்களுக்கும் அடிதடி. தோப்புக்குள் புகுந்த ஆட்டின் காலைத் தோப்புக்காரர், உன் வகுப்புச் செல்வியின் அப்பா, உடைத்துப்போட்டார். கேட்கப்போன ஆட்டுக்காரர் மண்டை பிளந்து ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறியாதே என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டாயா நீ? 'தோப்பில் ஆடு மேயலாமா' என்றே தலைப்பு வைத்தாய். அதுவும் தோப்பு வீட்டுப் பிள்ளைகளை ஆட்டுக்காகப் பேசவிட்டாய். செல்வி பொரிந்து தள்ளினாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை அவள் அப்பா கழியோடு உன் வகுப்பில் புகுந்தார். சத்தம் கேட்டு என் வகுப்பிலிருந்து ஓடிவந்தேன். சடையைப் பிடித்து இழுத்து அவளைச் சுவரில் மோதினார். நீ குறுக்கே பாய்ந்தாய். கழி உன் இடது காதில் இறங்கியது. ரத்தம் கழுத்து வழியாக ஓடி ரவிக்கையை நனைத்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு பெஞ்சுக்கடியில் புகுந்தார்கள். நான் நாற்காலியைத் தூக்கிவிட்டேன். அந்த ஆளின் மண்டையைப் பிளந்திருப்பேன், சத்தியமாக. நீதான் என் கையைப் பிடித்து நிறுத்தினாய்.

அவர் மறுபடி கழியை ஓங்கினார். உதடு கிழிந்து நின்ற செல்வி பேசினாள்.

"நீங்க சொல்றத மொதல்ல நான் சொல்லிடறேன்ப்பா. பூ வக்கிற நேரத்துல ஆடு கொழுந்தக் கடிச்சா அந்த வருசமே போச்சு. அதான உங்க வயித்தெரிச்சல்?"

ஓங்கிய கை அப்படியே நின்றது. "ஆமா" என்றார். தன்னை அறியாமல்தான் சொன்னார்.

"நம்ம வேலி பிஞ்சு கெடக்குது. அத அடைக்காம வாயில்லாச் சீவனோட கால ஏன்ப்பா ஒடச்சீங்க?"

அவர் ஓங்கிய கையை இறக்கினார். கழியை இழுத்துக்கொண்டு வெளியே போனார். பிறகு வேலியை அடைத்தார். ஆட்டுக்காரரைப் போய்ப் பார்க்கவில்லை. அவ்வளவெல்லாம் அந்த ஆள் திருந்திவிடவில்லை. ஆனால் அதற்கப்புறம் தன்மேல் கை வைக்கவில்லை என்று செல்வியே சொன்னாள்.

உன் இடது காதுக்கு மட்டும் கேட்கும் திறன் திரும்பவில்லை. யார் பேசினாலும் முகத்தைச் சாய்த்து வலது காதைக் காட்டுவாய். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாற்காலி ஞாபகம் வரும். போன மாசியில் நீ போய்ச்சேர்ந்தாய், பாவி.

இன்று என் வகுப்பில் விவாதம். எதிராளி பேசும்போது ஒரு சின்னப்பெண் முகத்தைச் சாய்த்து வலது காதைக் காட்டினாள். உன்னைப் பார்த்தே இராதவள். ஏன் அப்படித் திரும்புகிறாய் என்று கேட்டேன்.

"சண்டைன்னு யாரு வந்தாலும் நீங்க அப்படித்தான கேப்பீங்க டீச்சர்?" என்றாள்.

எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான்டி கேட்கிறது.