நீ கோடு போட்ட நேரக் கட்டம்

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மணி பன்னிரண்டரை. விடுதியில் ஒன்பது அடித்தால் போர்வைக்குள் போய்விடுகிறவள் நீ. எவளாவது விளக்கைப் போட்டுப் படித்தால், "சேசுவே, இவளுக்கு நல்ல புத்தி குடு" என்று உள்ளேயிருந்தே செபிப்பாய். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த மஞ்சள் காமாலை வராமலிருந்தால் இந்தக் கடிதம் நாளைத் தபாலில் பாப்பாரப்பட்டிக்குப் புறப்பட்டிருக்கும். ஆனாலும் இன்றைக்கு உன்னை விட்டால் வேறு யாருக்கு எழுதுவது?

ஒரு வாசனைதான் எழுத வைத்தது. பிளக், சுவிட்சு செய்கிற பேக்கலைட் சூடேறினால் மீன் கருகியது போல வருமே, நம் ஆய்வுக்கூட வாசனை. பதினொன்றரைக்குப் பாப்பாவுக்குத் தண்ணீர் காய்ச்சக் கரண்டு அடுப்பைப் போட்டேன். பாப்பாவுக்கு ஏழு மாதம். நீ பார்க்காத என் மகள். அவள் தூளி சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில்தான் தொங்குகிறது. வாசனை வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைத் தொட்டேன். விரல் வைக்க முடியவில்லை.

அந்த அடுப்பின் கம்பிச்சுருள் அறும்போதெல்லாம் என் மாமியார் இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்துவிடுவார். காரிமங்கலத்தில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். "முடிச்சுப் போடப் போட முன்னைக்கு நல்லாக் காயுது பாரு" என்று பெருமை வேறு. காயாமல் என்ன செய்யும்? கம்பி குட்டையாகிறது, மின்தடை குறைகிறது, மின்னோட்டம் கூடுகிறது. நாலாவது முடிச்சில் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மோட்டாருக்குக் காயில் கட்டும் பக்கத்து வீட்டு அண்ணனை மீட்டர்களோடு வரச் சொன்னேன்.

முந்தாநாள் பொழுது சாய வந்தார். நூற்றறுபது வோல்ட், நாலு ஆம்பியர்.

"அஞ்சு ஆம்பியர் பிளக்குல நாலுதான் போவுது. பயப்படாதீங்க தங்கச்சி."

"பி.எஸ்சி. படிச்சவ வூட்டுல சுடுதண்ணி வெக்கறதுக்குக்கூட டெஸ்ட்டு எடுக்கணும்" என்றார் என் கணவர். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார்.

வகுத்தேன், நாற்பது ஓம். பெருக்கினேன், அறுநூற்று நாற்பது வாட். நிம்மதியாக நோட்டை மூடினேன்.

நீ இருந்திருந்தால் மூட விட்டிருக்க மாட்டாய். இரண்டாம் வருடம் நம் மேசைக்கு வந்த கம்பிச்சுருள் நினைவிருக்கிறதா? காலையில் ஆறு வோல்ட் என்று எழுதிவைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். மின்சுற்றைத் துண்டிக்க நான் மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது பாட்டரி இறங்கியிருந்தது. ஒரு ஆம்பியர்தான் ஓடியது. ஆறு ஓம் என்று எழுதினேன். சுருளின் மேல் நாலு ஓம் என்று அச்சடித்திருந்தது. நான் சுருளைத் திட்ட, நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஏண்டி, காத்தால எறங்குன பஸ்ஸுக்கு இப்ப டிக்கெட் கேக்கற? வோல்ட்டு அப்பத்தது, ஆம்பியர் இப்பத்தது. ரெண்டும் எப்படிடி சேரும்?"

அன்றே என் நோட்டை வாங்கி, வோல்ட், ஆம்பியர், ஓம் என்ற மூன்று கட்டங்களுக்கு முன்னால் நான்காவதாக ஒன்றுக்குக் கோடு போட்டாய். 'நேரம்'. "மீட்டரு என்ன சொல்லுதுன்னு மட்டும் பாக்காத. எப்பச் சொல்லுதுன்னும் பாரு."

இன்று அந்த நோட்டைத் திறந்தபோது முந்தாநாள் வரியில் நேரக் கட்டம் காலி. எழுதியிருந்தால் அப்போதே உறைத்திருக்கும். பொழுது சாயும்போது சுற்றுவட்டாரக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடும். வோல்ட் இறங்கி, பல்பு சிவப்புக் கம்பியாய்த் தெரியும். இப்போது மோட்டார்கள் நின்று, பல்பு கண்ணைக் கூசுகிறது. இருநூற்று நாற்பது வோல்ட்டாவது இருக்கும். நாற்பதால் வகுத்தால் ஆறு ஆம்பியர். ஆயிரத்து நானூற்று நாற்பது வாட்! அன்று பார்த்ததைவிட இரண்டேகால் மடங்கு. அடிக்கடி போகிறதென்று இவர் பீஸ் கட்டையில் இரட்டைக் கம்பி போட்டுவைத்திருக்கிறார். பீஸ் போகாது. தூளிக்குப் பின்னால் இருக்கும் ஒயர்தான் போகும்.

இவரை எழுப்பிக் கணக்கைக் காட்டினேன். "காலைல பாக்கலாமே" என்றவர், பிளக்கைத் தொட்டதும் கையை உதறினார். தூக்கம் கலையாமல் பாப்பாவை அள்ளி என்னிடம் கொடுத்தார், தூளியை அவிழ்த்து உள்ளறை விட்டத்தில் கட்டினார், மெயினை அணைத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தில் பீஸ் கட்டைக்கு ஒற்றைக் கம்பி போட்டார்.

சத்தத்தில் அத்தை எழுந்துவிட்டார். "ஆத்தாடி, நெருப்பு மேலயா புள்ளையத் தூங்க வெச்சிருந்தேன்?"

"சாயங்காலம் பயமில்லைங்க அத்தை. ராத்திரிதான்."

"நெருப்புக்குக்கூட டைம் டேபிள் வெச்சிருக்கா பாரு இவ" என்று மகனைப் பார்த்தார். "காத்தால மொத வேலையாப் புதுக் காயில் வாங்கியாடா."

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தூளி அசையும் சத்தம் மட்டும் உள்ளறையிலிருந்து கேட்கிறது. மனசு நிறைந்திருக்கிறது. பாப்பாவின் காய்ச்சல், பால், தூக்கம் எல்லாவற்றுக்கும் நேரம் எழுதுகிறேன். இவர் கேலி செய்கிறார். இனிமேல் செய்ய மாட்டார் என்று நினைக்கிறேன்.

காலியாயிருந்த கட்டத்தில் 'மாலை ஆறரை' என்று எழுதிவிட்டேன். அதன் கீழே புது வரி: இரவு பதினொன்றரை, 240, 6, 40. இதில் இருநூற்று நாற்பது நான் அளந்ததல்ல, ஊகம்தான். கணக்குச் சரியா என்று பார்த்துச் சொல்லு. சீக்கிரம் பதில் போடு.