பந்தி விரிப்புக்குச் சவுக்காரம்

மார்ச் 19, தி.
காலையிலேயே வெயில். சீமையில் நடக்கிற சண்டையால், துணி வெளுக்கும் சீமைச் சவுக்காரம் கடையில் இல்லை. நானே காய்ச்சுவதென்று முடிவு. உவர்மண், சுண்ணாம்பு, தேங்காய் எண்ணெய். மண்ணையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளிய வைத்தாயிற்று. தெளிந்த நீரில் காரம் போதுமா என்று ஒரு முட்டையை மிதக்கவிட்டுப் பார்த்தேன். மிதந்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "ராத்திரி அந்த முட்டையப் பொரிச்சு எனக்கு வச்சிராதே" என்றார்கள்.

மார்ச் 21, பு.
காய்ச்சி இறக்கியாயிற்று. கையில் கொப்புளம். கூழாய்க் கிடந்தது, உப்புப் போட்டதும் திரண்டது. அழகான கட்டி. யாரிடம் காட்டலாம்?

ஏப்ரல் 1, குருத்தோலை ஞாயிறு.
ஈஸ்டருக்கு, கோயிலில் நற்கருணைப் பந்தி மேசையில் விரிக்கும் விரிப்பை நான் வெளுத்துத் தருகிறேன் என்று ஐயரம்மாவிடம் கேட்டேன். சபைப் போதகரான ஐயரின் மனைவி. விரிப்பை யாரிடமும் கொடுத்ததில்லை.
"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அன்னம்மா. கெட்டுட்டுன்னா பந்திக்கு எதை விரிக்க?"
"கெட்டுட்டுன்னா இனிமே கோயில் துணி எதையும் தொடல."
சுற்றிலும் பெண்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஐயரம்மா வேறு வழியின்றிக் கொடுத்தார்கள்.

ஏப்ரல் 5, வி.
நல்ல நுரை. அலசிப் பிரித்தால் நடுவில் உள்ளங்கை அகலம் பச்சை! முன்பு அங்கே மங்கலாய் ஒரு பழுப்பு இருந்தது, நிழலென்று நினைத்தேன். மறுபடி தேய்த்தால் இன்னும் பச்சை. சாப்பிடவில்லை.
பிறகு யோசனை. மஞ்சள்பொடிக் கறை சவுக்காரத்தின் காரம் பட்டால் சிவக்கிறதே, அதுபோல இதுவும் நிறம் மாறியிருக்கிறது. இது பந்தியின் திராட்சரசக் கறையாக இருக்கும். அப்படியானால் காரத்தை முறிக்கப் புளிப்பு வேண்டும்.

ஏப்ரல் 7, ச.
எலுமிச்சம்பழம் பிழிந்தேன். பச்சை போய் இளஞ்சிவப்பு. நினைத்தது சரி. மிச்சமும் வெயிலில் வெளுக்கட்டும் என்று ஆற்றுமணலில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து, பகலெல்லாம் காவல். சாயங்காலம் தேடினாலும் கறை தெரியவில்லை. என்னைப் போல யாரும் உண்டா?

ஏப்ரல் 8, ஞா.
விடியுமுன் கோயில். ஐயரம்மாவும் நானும் மட்டும். விரிப்பை வாங்கி, நேரே அந்த இடத்தில்தான் விரலை வைத்தார்கள்.
"இங்கன ஒண்ணு இருந்துதே?"
"இருந்துது. போயிட்டும்மா."
அவர்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் சிந்துனதுட்டி. ஐயருக்குக்கூடத் தெரியாது. ஒவ்வொரு பந்திக்கும் அது வெளிய தெரியாம அப்பத்தட்டை அது மேலதான் வைப்பேன்."
பாவமாக இருந்தது. விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். இருவருமாக விரித்தோம். ஐயரம்மா அப்பத்தட்டை எடுத்தார்கள். எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.