அதே கலர், வேறு லாட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் கடையும் எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். உன் தம்பி மாடிக்கு வெள்ளையடித்து முடித்துவிட்டான். என் முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் வாயில் கெட்ட வார்த்தை வருகிறது. உன் கடிதத்தைக் கல்லாவில் உட்கார்ந்தே நாலு தடவை படித்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அம்மா, கடைசியா உங்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே, என்னை மன்னிச்சிடும்மா என்று தினமும் அழுவதாக எழுதியிருக்கிறாய். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இது நான் செய்த வேலை. அம்மா போன மூன்றாம் வாரம் குழந்தை பிறந்தது, நீ போட்டோ அனுப்பி, காதுக்குப் பின்னால மச்சம் இருக்குப்பா, அம்மாவுக்கும் இருந்துச்சா என்று கேட்டாய். அதேதான், அம்மாவே வந்துட்டா என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாதம்மா. முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவன் அவள் காதுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பார்த்ததில்லை. எல்லாம் கடைப் பழக்கம். துண்டுத் துணியோடு வந்து இதே கலர் வேண்டும் என்று நிற்பவர்களிடம் ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரித்துக் காட்டி, அதேதான் என்று வாய் தானாகச் சொல்லிவிடும். மில்லிலிருந்து வந்த லாட் வேறு, சாயம் வேறு, வெயிலில் கொண்டுபோனால் பல்லிளிக்கும். அப்படித்தான் உன் தலையிலும் கட்டிவிட்டேன்.

மறுபிறவி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருக்கட்டும் என்று ஆசை மட்டும் உண்டு, அவளிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆனால் என்னையும் தெரியாமல், ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஞாபகமில்லாமல் ஒரு புது ஆள் வந்து நின்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? தூக்கத்திலேயே போனாள் என்று உன்னிடம் சொன்னது பாதிதான். முதல்நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே உனக்கு போன் போடச் சொன்னாள். கடை வாசலில் சரக்கு வண்டி வந்து நிற்பதாகத் தகவல் வந்தது, எனக்கு அவசரம். மாசம் நிறைஞ்ச பொண்ணு, உன் குரலைக் கேட்டாப் பதறிடுவா, நாளைக்குப் பேசலாம் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, அடுத்த ஜென்மத்துல நான் கடை வைக்கிறேன், நீங்க படுத்துக்கிட்டு போனுக்குக் காத்துக்கிடங்க என்றாள். நானும் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினேன். விடியும்போது அவள் இல்லை. நீ பேசாமல் இருக்கவில்லை, நான் பேசவிடவில்லை. அந்தப் பச்சைக் குழந்தையிடம் போய் மன்னிப்புக் கேட்காதே, அது அதுவாக வளரட்டும். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, போனை வைக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். தடுப்பூசித் தேதியைத் தள்ளிப்போடாதே. இன்னும் ஒன்று பாக்கி. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி அறையின் கதவுப் பக்கம் போனவன் திரும்பி உன் அம்மாவிடம், அப்படி அவகிட்ட என்னதான் பேசணும் என்று கேட்டேன். பயப்படாம பெத்துக்கோன்னு சொல்லணும், வேற என்ன என்றாள். ஏழு மாதமாக நான் அமுக்கி வைத்திருந்தது இதுதான். உன் அம்மா சொன்னது, உன்னிடம் சேர்த்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா