திருமயத்தில் நான் படித்த பலகை

சனிக்கிழமை, ஆவணி 3

சென்னையிலிருந்து காரைக்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பகல் முழுக்கக் கேரவனில் வந்தோம். கட்டில், அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே இருந்தன. மாப்பிள்ளை ஓட்டினார். லாரி கிளீனராக இருந்தவன் என்பதால் வழி சொல்ல நான் முன்னால் உட்கார்ந்தேன். திருமயத்தில் சாலை பிரிந்தது. நான் அடையாளம் வைத்திருந்த புளியமரத்தை வெட்டியிருந்தார்கள். போனிலும் சிக்னல் இல்லை; மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, குனிந்து அதையே தட்டிக்கொண்டிருந்தார்.

"டீக்கடையில கேளுங்க மாப்பிள்ளை. இவுக நாலு மாசமா எழுத்துக் கிளாஸுக்குப் போறாக, பேப்பரை இன்னும் தலைகீழாத்தான் பிடிக்கிறாக," என்றாள் கட்டிலில் கிடந்த என் மனைவி.

பச்சைப் பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். கா, ரை, க், கு, டி.

"இங்குட்டுத் திருப்புங்க மாப்பிள்ளை!" பழைய பழக்கத்தில் கதவைத் தட்டி, "போலாம் ரைட்!" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் கானாடுகாத்தான் பலகை வந்தது. அதையும் வாசித்தேன். மனைவி எழுந்து வந்து என் பின்னால் நின்றாள்.

"அடுத்து என்ன போட்டிருக்கு?"

வீடு வரும்வரை ஒன்றையும் விடவில்லை, பல்பொடி விளம்பரத்தைக்கூட.