ஒருநாள் பிந்தி வந்த ஷம் எல் நசீம்

நேற்றுப் பின்னேரம் எங்கள் வீட்டுப் புகை அலாரம் மூன்று தரம் கத்தியது. புகையிட்ட ஹெரிங் மீனை, நீர் செய்வதைப் போலவே, நேரே அடுப்புக் கம்பியின் மேல் வைத்து வாட்டினேன். தோல் பொன்னிறமாக வெடித்து, எண்ணெய் சொட்டி, வீடு முழுக்கப் புகை. என் மகள் மாடியிலிருந்து ஓடிவந்து, துவாயால் அலாரத்தை விசிறிக்கொண்டே, "சீரியஸ்லி அம்மா, ஜன்னலைத் திறக்கேலாதோ?" என்றாள். பிறகு மணம் அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. விசிறுவதை நிறுத்தினாள். "மண்டே வருதோ?" என்று கேட்டாள்.

ஓம், திங்கட்கிழமை வருகிறது. நீர் இல்லாமல் வருகிற முதலாவது ஷம் எல் நசீம், உங்கள் ஊர் வசந்தப் பெருநாள். தை மாதம் மிஸிஸாகாவில் பனிக்குள் உம்மை விட்டுவிட்டு வந்தோம். எங்கள் வழக்கப்படி ஒரு சாவு நடந்த வருடத்தில் பெருநாள் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது போன கிழமை உம்முடைய கணவர் தொலைபேசி எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை. முட்டைக்கு நிறம் போடுவது நீங்களா, நாங்களா என்று மட்டும் கேட்டார். நாங்கள்தான் என்றேன். தொலைபேசியை வைத்த பிறகு வெகுநேரம் அழுதேன். அழுகை முடிந்ததும் முட்டை வாங்கப் போனேன்.

நீர், உம்மை என்று எழுதுகிறேன். நாம் இருவரும் பேசியது அரைகுறை இங்கிலிஷ். அதில் எல்லாருக்கும் ஒரே சொல்தான். ஆனால் என் மனதுக்குள் முதல் நாளிலிருந்தே நீர் எனக்கு 'நீர்'தான். சம வயது, கொஞ்சம் மரியாதை, நிறைய உரிமை. நீர் என்னை 'உக்தி' என்றீர். உங்கள் மொழியில் என் சகோதரி.

தொண்ணூற்றிமூன்றில் எட்டோபிக்கோவில் அந்த லோஷன் தொழிற்சாலையில் என்னை உமக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். நீர் போத்தலை நிமிர்த்தி வைப்பீர், நான் மூடியைத் திருகுவேன். இருவரும் பார்க்டேலில் ஒரே தெருவில் இருக்கிறோம் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. அதன்பிறகு ஸ்ட்ரீட்காரில் அரை மணி நேரம், லைனில் எட்டு மணி நேரம், உம்முடைய பெருநாள்களுக்குள்ளேதான் நான் வாழ்ந்தேன். நபிகள் பிறந்த நாளுக்குச் சீனியில் வார்த்து, கடதாசிப் பாவாடை கட்டிய பொம்மைகள். அவற்றைத் தின்ன மனம் வராமல் எறும்புக்குக் கொடுத்த கதை. நோன்பு மாதத்தில் தகரமும் நிறக் கண்ணாடியும் வைத்துச் செய்த விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைகளில் பாடித் திரிந்தது. உங்கள் ஊரான மன்சூராவில் உங்கள் மேல்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் உங்கள் பெருநாளுக்குச் சீனித்தூள் பூசிய பிஸ்கட் பிசைய வந்ததும், அவர்களுடைய நத்தாருக்கு உம் அம்மா உதவிக்கு ஓடியதும். இங்கே எங்களுக்கு வந்த முதல் நோன்பு மாதத்தில் நீர் சோடா ரின்னை வெட்டி ஒரு விளக்குச் செய்து என் மகளிடம் கொடுத்தீர். அவள் அதைக் கட்டிலில் வைத்துக்கொண்டு நித்திரை கொண்டாள்.

ஒருநாள் கேட்டீர், உங்கள் பெரிய நாள் எது என்று. தீபாவளி என்றேன். எப்போது வரும் என்றீர். வந்து போய்விட்டது, போன ஐப்பசியில், உமக்குப் பக்கத்தில் நின்று மூடி திருகினேனே அந்த நாள் என்றேன். உம்முடைய கை நின்றுவிட்டது. நாலு போத்தல் விழுந்து உருண்டது.

"என்ன காணும், பெருநாளை ஒளிச்சு வைச்சனீரோ?" என்றீர். அந்த இங்கிலிஷ் எனக்கு இப்படித்தான் கேட்டது.

உமக்கு எப்படி விளக்குவது? எங்கள் அகதி வழக்கு முடியவில்லை. லீவு கேட்கிற ஆள் என்று பெயர் எடுத்தால் வேலை போய்விடும் என்று பயம். வேலைக்குப் புறப்படும்போதெல்லாம் என்னவர் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வரும்படி சொல்லித்தான் அனுப்புவார். நானும் சேர்ந்த நாளிலிருந்து சூப்பர்வைசரிடம் 'யெஸ்' தவிர வேறு சொல் பேசியதில்லை.

பிறகு தொண்ணூற்றிநாலு மே மாதம் வந்தது. ஷம் எல் நசீம் என்றால் இளங்காற்றை முகர்தல் என்று அர்த்தம் சொன்னீர். உங்கள் நாட்டுக் கிறிஸ்தவர்களின் உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள் வரும். ஆனால் அது எந்த மதத்துக்கும் உரியதல்ல, இரண்டு மதமும் வருவதற்கு முன்பே இருந்த நாள் என்றீர். விடிகாலையில் பச்சை வெங்காயத்தை உடைத்து முகர்ந்துவிட்டு, ஊர் முழுக்க வெளியே வந்துவிடும். ஆற்றங்கரை, தோட்டம், படகு, எங்கு புல் இருக்கிறதோ அங்கெல்லாம் பாய் விரித்து மீனும் முட்டையும் வெங்காயமும். அன்றைக்கு ஒருவரும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது.

இரண்டு கிழமைக்கு முன்பே நீர் லீவு கேட்டீர். ஈஸ்டர் எப்போதோ முடிந்துவிட்டது, அதோடு நீ முஸ்லிம், உனக்கு அதில் என்ன என்று சூப்பர்வைசர் கேட்டார். இது சமய நாள் இல்லை, காற்று வாங்குகிற நாள் என்று நீர் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். லீவு இல்லை.

அந்தத் திங்கள் காலை நீர் இரண்டு பெரிய பைகளோடு ஸ்ட்ரீட்காரில் ஏறினீர். மணம் தாங்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். எங்களுக்கு ஆறு சீற் கிடைத்தது. மத்தியான மணி அடித்ததும், லொறிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால், வேலியோரம் இருந்த கொஞ்சப் புல்லில் படுக்கை விரிப்பை விரித்தீர். லைனில் இருந்த எல்லாப் பெண்களையும் கூப்பிட்டீர். ஒன்பது பேர் வந்தோம். சிவப்பும் மஞ்சளும் வெங்காயச் சருகு நிறமுமாக முட்டைகள், ஆளுக்கு ஒன்று. கருவாடு தின்று வளர்ந்த எனக்கு அந்த மீன் முதல் வாயிலேயே சொந்தமாகிவிட்டது. ஒவ்வொருவருடைய மூக்குக்கு நேரேயும் வெங்காயத்தாளை உடைத்து நீட்டினீர். கயானாக்காரப் பெண் தும்மி, தும்மி, சிரித்து, எல்லாரும் சிரித்து, அரை மணி நேரம் எப்படிப் போனது என்று தெரியவில்லை.

மணி அடித்தது. எல்லாரும் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். நீர் எழும்பவில்லை.

"இன்னும் பத்து நிமிஷம். காத்து இப்பதான் வருது" என்றீர்.

என் கையில் பாதி உரித்த முட்டை. வழக்கு, வாடகை, என்னவருடைய முகம் எல்லாம் வந்து போயின. கூடவே மூடி திருகிய அந்தத் தீபாவளி நாளும் வந்தது. கால் எழும்பவில்லை. இருந்தேன். காற்று உண்மையாகவே வந்தது, ஏரிப் பக்கமிருந்து, குளிராக.

பத்து நிமிடம் முடியுமுன் சூப்பர்வைசர் வந்தார். இது யாருடைய வேலை என்று கேட்டார். நீர் எழுந்து நின்று, என்னுடையது என்றீர். அவர் என்னைப் பார்த்து, நீ உள்ளே போ, நீ ஒருநாளும் கரைச்சல் தந்ததில்லை என்றார். எனக்கு வழி விட்டார். அதை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

"இல்லை. நானும்தான் இருந்தனான். இது எனக்கும் பெருநாள்" என்றேன்.

அதுதான் அந்த மனிதரிடம் நான் பேசிய முதல் முழு வசனம். அவருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். இரண்டு பேருக்கும் கடதாசி தந்தார்கள்: செவ்வாய்க்கிழமை வேலைக்கு வரக்கூடாது, ஒருநாள் இடைநிறுத்தம்.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் அழுதேன். நீர் அந்தக் கடதாசியை இரண்டு தரம் வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினீர். "நான் திங்கள் கேட்டன், உவங்கள் செவ்வாய் தந்திருக்கிறாங்கள். காத்துக்குக் கிழமை தெரியாது" என்றீர். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன். இறங்குவதற்குள் மறுநாளைக்கு எத்தனை முட்டை என்று கணக்குப் போட்டுவிட்டோம்.

என்னவர் கடதாசியை வாசித்துவிட்டு மடித்து வைத்தார். பிறகு மீன் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். இரவு வேலைக்குப் போய் மறுநாள் காலை வந்தவர் படுக்கவே இல்லை, உடுப்பு மாற்றிக்கொண்டு எங்களோடு புறப்பட்டார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. உம்முடைய கணவர் தன் டாக்ஸியிலேயே எல்லாரையும் அடைத்துக்கொண்டு துறைக்குக் கொண்டுவந்தார். படகு இல்லாமல் இந்த நாள் இல்லை என்று நீர் பிடிவாதம் பிடித்ததால் தீவுக்குப் போகிற ஃபெரியில் ஏறினோம்.

அந்தப் படகின் முன்பக்கத்தில் நீர் இரண்டு கையையும் விரித்து நின்றீர். தலைத்துணி கொடியைப் போல அடித்தது. உம்முடைய கணவர் பானையைக் கவிழ்த்துத் தாளம் போட்டார். கலியாணம் கட்டிப் பத்து வருடத்தில் நான் கேட்டிராத ஒன்று, என்னவர் பாடினார். முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். உம்மிடம் முட்டை வாங்கித் தின்றார்கள்.

அப்போது தீவு விமான நிலையத்திலிருந்து ஒரு சின்ன விமானம் தாழ்வாக எங்களுக்கு மேலே வந்தது. உமக்குத் தெரியும், ஊரில் குண்டுவீச்சுக்குள் இருந்து வந்த என் மகள், அந்தச் சத்தம் கேட்டால் எங்கே நின்றாலும் குந்திக் காதைப் பொத்துவாள். நான் அவளைப் பிடிக்க ஓடினேன். அவள் குந்தவில்லை. உம்முடைய மகளோடு சேர்ந்து கம்பியில் ஏறி நின்று, சிவப்பு முட்டையை உயர்த்தி விமானத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். நீரும் அதைக் கண்டீர். என் கையைப் பிடித்தீர்.

புதன்கிழமை வேலைக்குப் போனோம். ஒருவரும் எங்களைத் துரத்தவில்லை. அடுத்த வருடம் நீர் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் கேட்டீர், கொடுத்தார்கள். அந்த ஐப்பசியில் நானும் எழுதினேன். ஒரு வரிதான், நீர் மூன்று தரம் திருத்தினீர். அந்தத் தீபாவளிக்கு நீர் பச்சைச் சட்டையில், தட்டு நிறையச் சீனித்தூள் பிஸ்கட்டோடு விடியவே வந்து கதவைத் தட்டி, "குல்லு சனா வ இந்தி தையிபா" என்றீர். ஒவ்வொரு வருடமும் நீர் சுகமாக இருக்க வேண்டும். எந்தப் பெருநாளுக்கும் உங்களிடம் அந்த ஒரு வாழ்த்துத்தான் என்றீர்.

வழக்கு வென்றது. நாங்கள் பிக்கரிங்குக்கு வந்தோம், நீங்கள் மிஸிஸாகாவுக்குப் போனீர்கள். ஆனால் அந்தத் திங்களை நாம் ஒரு வருடமும் விட்டதில்லை. நாளைக்கும் விடப்போவதில்லை.

இப்போது வோபர்னுக்குப் பக்கத்தில் பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு பேர் நிற்கிற லைனுக்கு நான் பொறுப்பு. புதிதாக ஒருவர் வந்தால், சப்பாத்தும் தலைவலையும் கொடுத்துவிட்டு நான் கேட்பது, உங்கள் பெரிய நாள் எது என்று. போன கிழமை எரித்திரியாவிலிருந்து வந்த ஒரு பெண் சேர்ந்தா. கேட்டேன். அப்படி ஒன்றுமில்லை என்று தலையாட்டினா. அந்த 'ஒன்றுமில்லை'யை எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள், எல்லாரும் இடைவேளைக்குப் போனபிறகு, என் மேசைக்கு வந்து நின்று, ஒரு மாதத்தையும் திகதியையும் மெதுவாகச் சொன்னா. கலண்டரைப் புரட்டிப் பேனாவால் எழுதினேன். அந்த நாளின் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டேன். எழுத்தெழுத்தாகச் சொல்லித் தந்தா. அந்த நாளில் லைனில் அவவின் இடத்தில் நான் நிற்பேன்.